சந்தனம் பூசிய புல்டோசர்

முட்டாள்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தால் தலைவர் பதவிக்கு எனக்குப் போட்டியே இருக்காது. கைப்பேசியில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கத்தாரில் நல்ல சம்பளத்தில் டோசர் ஓட்டிக்கொண்டிருந்த என் தங்கை புருஷன் அருளை, "வேலையை விட்டுட்டு வந்துடு மாப்ளே, நமக்குன்னு வண்டி வாங்கிட்டேன்" என்று கூப்பிட்டவன் நான். உண்மையில் வண்டி வாங்கவில்லை. வண்டியைப் பார்க்கவும் இல்லை. அது எந்த ஊரில் நிற்கிறது என்பதே அருள் விமானம் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வீடியோவில் மஞ்சள் நிறத்தில் ஒரு புல்டோசர் நின்றது. முன்னால் எலுமிச்சம்பழ மாலை. பின்னணியில் முழுச் சத்தத்தில் பக்திப் பாட்டு. பாட்டு எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. இன்ஜின் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். "ஜப்பான் வண்டி சார், ஒரே ஓனர், மலைக்காத்துல நின்ன வண்டி, துருவே புடிக்காது" என்று புரோக்கர் ஏழுமலை அதில் பேசியிருந்தார். மலைக்காற்றில் இரும்பு துருப்பிடிக்காது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நான்தான் கடலூர் முதுநகர்க்காரன் ஆயிற்றே. உப்புக்காற்று இல்லாத இடமெல்லாம் எனக்குச் சொர்க்கம்.

எங்கள் ஊரில் கால் கிலோ சங்கரா மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்ப்போம், கண்ணை அமுக்கிப் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம், விற்கிற அம்மாவிடம் ரெண்டு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்வோம். பதினைந்து டன் இரும்புக்கு வீடியோ போதும் என்று நினைத்தேன்.

எனக்கு இறால் குட்டை வெட்டுகிற தொழில். என்னிடம் இருக்கிற டயர் வண்டி சேற்றில் இறங்கினால் அதை மேலே ஏற்ற இன்னொரு வண்டி தேடிப் போக வேண்டும். செயினில் ஓடுகிற புல்டோசர் ஒன்று இருந்தால் வருஷம் முழுக்க வேலை உண்டு. வண்டி என்னுடையது, ஓட்டுவது அருள், வருமானம் ரெண்டு பேருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். வண்டிதான் இல்லை. அருள் கிளம்பிய வாரமே அவன் உட்கார்ந்திருந்த சீட்டில் அந்தக் கம்பெனி வேறொருவனை உட்கார வைத்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. என் தங்கை ஸ்டெல்லா மட்டும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அண்ணன் கூப்டுச்சு, இனிமே இவரு இங்கியேதான்."

அருள் அதிகம் பேசுகிறவன் இல்லை. வந்திறங்கியதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"வண்டி எங்க மச்சான்?"

இப்படியாக நாங்கள் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினோம்.

பஸ் பயணத்தைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதலாம் என்று பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. என் பக்கத்து சீட்டுக்காரர் ஏறியதிலிருந்து என் தோளில் தூங்கினார். இறங்கும்போது, "சரியா தூங்கவே முடியல, ஆடிக்கினே இருந்தீங்க" என்று என்னைக் குறை சொல்லிவிட்டுப் போனார்.

புரோக்கர் ஏழுமலை பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதாக ஏற்பாடு. இல்லை. போன் செய்தேன். "வந்துகினே இருக்கேன் சார், சின்னசேலம் தாண்டிட்டேன்" என்றார். ஒரு டீ குடித்தோம். இன்னொரு டீ குடித்தோம். மறுபடி போன் செய்தால், "தியாகதுருகத்துல டயர் பஞ்சர் சார்" என்கிறார். சின்னசேலம் ஊருக்கு அந்தப் பக்கம், தியாகதுருகம் இந்தப் பக்கம். நடுவில் இருக்கிற கள்ளக்குறிச்சியை, அதுவும் நாங்கள் வாய் பிளந்து நிற்கிற இந்த பஸ் ஸ்டாண்டை, அவர் எப்போது தாண்டினார்? இதைக் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

கோபத்தில் எனக்குப் பசி எடுக்கும். சந்தோஷத்திலும் எடுக்கும், அது வேறு விஷயம். ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து மீன் குழம்பு கேட்டேன். ஏரிக் கெண்டை வந்தது. முள்ளை எடுத்துவிட்டுப் பார்த்தால் இலையில் குழம்பு மட்டும்தான் மிச்சம். கடற்கரையிலிருந்து கிளம்பி வந்து ஏரி மீன் கேட்டவனை என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. அருள் புத்தியாக முட்டை சாப்பிட்டான்.

சாப்பிட்டுவிட்டு, வண்டியைச் சோதிக்க டார்ச் லைட்டும் வேஸ்ட் துணியும் வேண்டுமென்று அருள் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நுழைந்தான். கடைக்காரர் காதர் பாய்க்கு அறுபது வயதிருக்கும். கல்லாவில் உட்கார்ந்து சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறோம், எதற்கு வருகிறோம் என்று விசாரித்தார். வெள்ளிமலையில் ஒரு டோசர், காண்ட்ராக்டர் குணசேகரன் என்று சொன்னதும் சமோசாவைக் கீழே வைத்தார்.

"வண்டியப் பாத்தீங்களா, வீடியோவப் பாத்தீங்களா?"

அருள் என்னைப் பார்த்தான். நான் சமோசாவைப் பார்த்தேன்.

அந்தக் காண்ட்ராக்டர் மலையில் ரோடு வேலைக்கு வந்தவர் என்றும், ஒரு வருஷமாகத் தன் வாடிக்கை என்றும் பாய் சொன்னார். "ஆனா அந்த வண்டிக்குன்னு ஒரு ஃபில்டர் கேட்டதில்ல, ஒரு டப்பா ஆயில் கேட்டதில்ல. போன வாரம் ஆள வுட்டு மஞ்சப் பெயிண்ட்டு வாங்கினு போனாரு. அதான் எனக்குத் தெரிஞ்சது" என்றார்.

புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார் என்றால் அக்கறையாக வைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்று நான் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். பாய் என் கையில் ஒரு சமோசாவை வைத்தார். அவர் பார்வையில் எனக்கு அந்த நேரத்தில் தேவையாக இருந்தது அதுதான் போல.

மறுநாள் அவர் மலையில் உள்ள டிராக்டர்காரர்களுக்கு ஆயில் இறக்கப் போக வேண்டியிருந்தது. தன் குட்டியானையில் எங்களையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். வேன் மாதிரியும் இல்லாமல் ஆட்டோ மாதிரியும் இல்லாமல் இருக்கும் அந்தச் சின்ன லோடு வண்டிக்கு யார் குட்டியானை என்று பேர் வைத்தார்களோ, அவர்கள் யானையையும் பார்த்ததில்லை, அதில் மலை ஏறியதும் இல்லை.

இரண்டாம் நாள். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் அருள் பாயுடன் உட்கார்ந்தான். நான் பின்னால், ஆயில் டின்களோடு. ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஒரு டிராக்டருக்கு இரண்டு டிரெய்லர், ரோட்டின் அகலத்துக்குக் கரும்பு. வழி விடச் சொல்லிக் கத்தினேன். டிரெய்லரின் மேல் படுத்திருந்த ஆள் ஒரு கரும்பை உருவி என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். வாயில் கரும்பை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது?

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு டின்கள் என் பக்கம் வந்தன, அடுத்த வளைவில் நான் டின்கள் பக்கம் போனேன். பாதி தூரத்தில் குட்டியானை கொதித்து நின்றது. பாய் அவசரப்படாமல் இறங்கி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். எங்கள் பக்கம் பூமி தோசைக்கல் மாதிரி. எங்கே நின்றாலும் வண்டி நிற்கும். இங்கே ஒரு சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை என்றால் வண்டி நம்மை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடும். கல் வைக்கிற வேலை எனக்கு.

வெள்ளிமலை போய்ச் சேர்ந்து, கடைத்தெருவிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த காண்ட்ராக்டரின் ஷெட்டைக் கண்டுபிடித்தோம். முன்னால் தார்ப்பாய் தொங்கியது. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குணசேகரன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பல்லும் வெள்ளை, எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. இன்றைக்கு அஷ்டமி என்றும், அஷ்டமியில் வண்டியைக் காட்டினால் வாங்குகிறவருக்கு ஆகாது என்றும், நாளைக்குக் காலையில் நல்ல நேரத்தில் பூஜை போட்டுக் காட்டுகிறேன் என்றும் சொன்னார். எங்கள் நன்மைக்காகத்தான் என்று இரண்டு முறை சொன்னார்.

மலை ஏறி வந்த ஆத்திரம் எனக்கு. ஆனால் ஒரு மனுஷன் சாமி விஷயம் என்று சொல்லும்போது மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் நான் என்ன பேசுவது? சரிங்க என்றேன். தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து பெயிண்ட் வாசனை வந்தது.

வெளியே வந்ததும் பாய் கேட்டார்.

"அஷ்டமிக்கு அடுத்த நாளு இன்னா?"

எனக்கும் அருளுக்கும் தெரியவில்லை.

"நவமி. நவமியில எவனாவது பூஜ போட்டு ஏவாரம் பண்ணுவானா? அஷ்டமி நவமி ரெண்டு நாளும் என் கடையில ஈ ஓட்டுறேன் முப்பது வருசமா. எனக்குத் தெரியாதா?"

பஞ்சாங்கம் தெரிந்த ஒரே ஆள் எங்கள் மூவரில் பாய்தான் என்பது எனக்கு வெட்கமாகவும், கோபமாகவும், சிரிப்பாகவும் இருந்தது. திரும்பிப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றேன். அருள் வேண்டாம் என்றான். வண்டியைப் பார்க்காமல் சண்டை போட்டால் வண்டியைப் பார்க்கவே முடியாது என்றான். அவன் குரலில் இருந்ததை அப்போது நான் நிதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடை வைத்திருந்த அம்மா, மலைக்காரர், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்ச் சட்னியும் கொடுத்தார். இந்தப் பயணத்தில் என்னைக் கோபப்படுத்தாத ஒரே பொருள் அந்தக் கிழங்குதான். இரண்டாம் முறை கேட்டபோது, "ஒங்கூர்ல சோறு இல்லீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மாவின் மேலும் கோபப்பட முடியவில்லை. ஆயிலை இறக்கிவிட்டு வந்த பாயோடு சேர்ந்து அங்கேயே பக்கத்தில் ஒரு அறை பிடித்துத் தங்கினோம். குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்த கம்பளியில் எங்களுக்கு முன் தங்கிய எல்லாரும் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அருள் எங்களை எழுப்பிவிட்டான். பழைய வண்டி பார்ப்பதில் முதல் பாடம் அவன் சொன்னது. ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன இன்ஜினை நம் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நோய் இருந்தால் அப்போதுதான் தெரியும். ஒருமுறை சூடாகிவிட்டால் எந்தக் கிழட்டு இன்ஜினும் கொஞ்ச நேரம் மாப்பிள்ளை மாதிரி நடக்கும்.

நாங்கள் போவதற்கு முன்பே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

தார்ப்பாயை விலக்கி, வண்டியை வெளியே மேட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். காண்ட்ராக்டர் கையில் கற்பூரத் தட்டு. நல்ல நேரம் போய்விடப் போகிறதே என்று ஆரம்பித்துவிட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கற்பூரத்தை என் மேலேயே வைத்திருக்கலாம், தானாகப் பற்றியிருக்கும்.

வண்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினையே. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். முன்பக்கம் ஜப்பான் கம்பெனி ஸ்டிக்கர் சற்றுக் கோணலாக. அதற்கு மேல் சந்தனம். சந்தனம் என்றால் பொட்டு இல்லை, சுவரில் வறட்டி தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. மண்ணைத் தள்ளும் பிளேடைத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகளிலும் மூன்று மூன்று வறட்டி, உடம்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கம்பெனி நம்பர் பிளேட்டின் நாலு மூலையிலும் உருண்டை உருண்டையாக, எல்லாவற்றின் நடுவிலும் குங்குமம்.

அருள் குனிந்து வேலையை ஆரம்பித்தான். நானும் பின்னால் குனிந்தேன், தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு. டோசரின் விலையில் பாதி அதன் காலில்தான் என்றான். செயினைச் சுற்ற வைக்கும் பல்சக்கரத்தைக் காட்டினான். பற்கள் தேய்ந்து கூராகி, எங்கள் ஊரில் வலையில் மாட்டுகிற சுறாக்குட்டியின் வாய் மாதிரி இருந்தன. செயின் இழுக்க இழுக்கத் தொங்கியது. கிரீஸ் அடிக்கிற சின்ன முனைகளின் மேலேயே பெயிண்ட் பூசியிருந்தார்கள். "கிரீஸ் அடிச்சு வருசமாவுது. எங்க அடிக்கணும்னே பெயிண்ட் அடிச்சவனுக்குத் தெரியல" என்றான். இரும்பு வார்ப்பில் புடைத்திருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, இது ரஷ்ய எழுத்து, கத்தாரில் பார்த்திருக்கிறேன் என்றான். முகம் ஜப்பான், இடுப்புக்குக் கீழே ரஷ்யா. இன்ஜினை எட்டிப் பார்த்த பாய், இது ரெண்டும் இல்லை, நம்ம ஊர் லாரி இன்ஜின் மாதிரி இருக்கிறது என்றார்.

எல்லாவற்றையும் பார்த்தோம், சந்தனம் பூசிய இடங்களைத் தவிர. அருள் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்குப் போவான், கை நிற்கும், சுற்றிக்கொண்டு போய்விடுவான். அவனும் நானும் மாதா கோயில்காரர்கள். பாய், பாய். ஒருத்தர் சாமிக்குப் பூசிய சந்தனத்தை இன்னொருத்தர் வேஸ்ட் துணியால் துடைக்கிறதா? எங்கள் வளர்ப்பு அப்படியில்லை. அதுவும் ஊர் விட்டு ஊர் வந்து, மூன்று பேரும் வேறு சாமி கும்பிடுகிறவர்களாக இருக்கையில் துடைத்தால், பிறகு பேச்சு புல்டோசரைப் பற்றி இருக்காது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. புரோக்கர் போனில் என்னிடம் முதலில் கேட்டது என்ன தொழில் என்று இல்லை. "சாருக்கு நல்ல பேரு?" அந்தோணி என்றேன். "சர்ச்சுங்களா சார்? ரொம்ப சந்தோஷம்" என்றார். ஏன் சந்தோஷம் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

நம்மை ஏமாற்றுகிறவன் நம் பேராசையை வைத்து ஏமாற்றினால் பொறுத்துக்கொள்ளலாம். நம் மரியாதையை வைத்து ஏமாற்றினால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

காண்ட்ராக்டர் டீ சொல்லியிருந்தார். டீக்கடை அம்மா தம்ளர்களோடு வந்தார். வண்டியைப் பார்த்தார். தட்டைச் செயின் மேல் வைத்தார், செருப்பைக் கழற்றினார், பிளேடின் கையிலிருந்த சந்தனத்தை இரண்டு விரலால் நன்றாக வழித்து நெற்றியில் இட்டு, மிச்சத்தைக் கழுத்தில் பூசிக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். அவ்வளவுதான். பூஜை போட்ட இடத்தில் பிரசாதம் எடுத்துக்கொள்ள அவர் யாரைக் கேட்க வேண்டும்?

வழித்த இடத்தில் மஞ்சள் பெயிண்டுக்குக் கீழே ஒரு வெல்டிங் தழும்பு, தவளை முதுகு மாதிரி தடித்துக் கிடந்தது. குறுக்காக, கையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை. கை ஒருமுறை முழுசாக முறிந்து ஒட்டப்பட்டிருக்கிறது.

"அது சும்மா ஸ்ட்ராங்குக்கு அடிச்சது சார்" என்றார் காண்ட்ராக்டர்.

எனக்கு அந்த நொடியில் புத்தி வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வந்தது குறும்பு. செருப்பைக் கழற்றினேன். கையைக் கூப்பினேன்.

"நாங்களும் கொஞ்சம் எடுத்துக்கலாமாங்க?"

"அது… உங்களுக்கு இதெல்லாம்…"

சாமி எல்லாருக்கும் பொதுதானே என்று சொல்லிக்கொண்டே பயபக்தியுடன் அடுத்த வறட்டியை வழித்து நெற்றியில் பூசினேன். கீழே இன்னொரு தழும்பு. அதற்கடுத்ததையும் வழித்தேன். இன்னொன்று. நெற்றி போதவில்லை, கன்னத்துக்கு வந்துவிட்டேன். பாய் இரண்டு கையையும் நீட்டினார். "எங்க தர்கா சந்தனக்கூட்டுக்கு வருசா வருசம் கொடம் தூக்கறவன் நானு. சந்தனம் எனக்கு ஆவாதா? இப்பிடி கையில குடுங்க" என்று, நான் கொடுக்கும்வரை காத்திராமல் தானே நம்பர் பிளேட்டின் நாலு மூலையையும் பக்தியோடு வழித்து எடுத்தார். அருள் உடம்பின் இரண்டு பக்கமும் போனான். ஒரு புல்டோசரை இவ்வளவு மரியாதையாக யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். காண்ட்ராக்டர் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பிரசாதம் எடுக்காதே என்று எந்த வாயால் சொல்வார்?

நம்பர் பிளேட்டைப் பார்த்து பாய் சிரித்தார். கம்பெனியில் பிளேட்டை ரிவெட் அடித்துத்தான் அனுப்புவார்களாம். இதில் நாலு ஸ்க்ரூ. "அதுவும் நம்ம கடை ஸ்க்ரூ" என்றார். பிளேட்டுக்குக் கீழே நம்பர் வெட்டியிருக்க வேண்டிய இடம் கிரைண்டர் வைத்து வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தது. இந்த வண்டிக்கு அப்பன் பேரும் இல்லை, ஊர் பேரும் இல்லை. எங்கேயாவது திருடியதோ, காயலான் கடையில் எடை போட்டு எடுத்த மூன்று வண்டிகளைச் சேர்த்துத் தைத்ததோ, யாருக்குத் தெரியும்?

அருள் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். வண்டியின் உடம்பில் சந்தனம் இருந்த இடத்தில் வெல்டிங்கூட இல்லை. விரல் நுழைகிற விரிசல், அதில் மரவேலைக்கு வைக்கிற பட்டியை அடைத்து மஞ்சள் பூசியிருந்தார்கள். அருள் நகத்தால் கீறினான். பொலபொலவென்று உதிர்ந்தது.

இன்ஜினை அணைக்கச் சொன்னான். டிரைவர் சீட்டில் இருந்த வடக்கத்திப் பையன் கீழே நின்ற தன் கூட்டாளியிடம் இந்தியில் ஏதோ சொன்னான். எங்களுக்குப் புரியாது என்று நினைத்துச் சொன்னது. அருள் அதைத் தமிழில் சொன்னான்: "அணைச்சா மறுபடி ஸ்டார்ட் பண்றது யாரு, இவங்கப்பனா? விடிய விடிய ரெண்டு பாட்டரி போட்டு இழுத்தது எனக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு அருள் அந்தப் பையனிடம் இந்தியிலேயே, அணை தம்பி, உன் மேல தப்பில்லை என்றான். பையன் அணைத்தான். பிறகு அதை ஸ்டார்ட் செய்ய எவ்வளவோ பார்த்தார்கள். டிக் என்றது. டிக். மலைக்குளிர் சார் என்றார் காண்ட்ராக்டர். அப்போது வெயில் என் மண்டையில் அடித்து, சந்தனம் மூக்கு வழியே சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் ஆபத்து. விலையை இறக்கினார். நான் எதிர்பார்க்காத அளவுக்கு இறக்கினார்.

என் வெட்கத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. வண்டியில்லாமல் ஊருக்குப் போய் ஸ்டெல்லா முகத்தில் எப்படி விழிப்பது? நல்ல வெல்டர் வைத்து இரும்புத் தகடு கொடுத்து ஒட்டிவிட்டால், இன்ஜினை இறக்கி வேலை பார்த்தால், கொஞ்ச நாளைக்கு ஓடாதா? "மாப்ளே, ரிப்பேர் பண்ணிக்கலாமா?" என்று கேட்டேவிட்டேன்.

அருள் அந்த விரிசலைக் காட்டினான். குட்டைக் கரையின் சரிவில், சேற்றில், பிளேடு நிறைய மண்ணைத் தள்ளும்போது இது பிளந்தால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று கையால் காட்டினான். சாய்கிற பக்கத்தில்தான் சீட்.

"அதுல உக்காரப் போறது நான் மச்சான்."

சொல்லிவிட்டு வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு குட்டியானையை நோக்கி நடந்தான்.

காண்ட்ராக்டர் என் தோளில் கை போட்டார். "டிரைவர் ஆயிரம் சொல்லுவான் சார். ஓனர் நீங்கதானே?"

அதற்குப் பிறகு நான் பேசியது முழுவதையும் எழுதினால் இதை யாரும் அச்சில் போட மாட்டார்கள். சந்தனத்தை மூடி மாதிரி வைத்து மரணத்தை விற்கிறாயா என்றேன். உன் சாமி பார்க்காதா, என் சாமி பார்க்காதா, பாயோட சாமி பார்க்காதா என்றேன். எங்களுக்குப் பதில் வேறு எவனாவது வாங்கி, எவன் பிள்ளையாவது இதில் ஏறினால் யார் பொறுப்பு என்றேன். உடம்பெல்லாம் நடுங்கியது. நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக நான் கத்தியதைப் பார்த்து டீக்கடை அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வடக்கத்திப் பையன்கள் இரண்டு பேரும் ஓரமாகப் போய் நின்றார்கள். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். காண்ட்ராக்டருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன், இரண்டடி பின்னால் போனார். பாய் என் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாவிட்டால் எலுமிச்சம்பழத்தைக்கூட யாராவது என் கையில் கொடுத்திருப்பார்கள்.

குட்டியானை கிளம்பும்போது புரோக்கர் போன் செய்தார். மலை ஏறிக்கினே இருக்கிறாராம். ஏறு ராசா, அங்கேயே இரு என்று சொல்லி வைத்தேன்.

இறங்கும்போது பின்னால் ஆயில் டின்கள் இல்லை. நானும் அருளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் திட்டுவதை நிறுத்தவில்லை. முதல் வளைவில் காண்ட்ராக்டரைத் திட்டினேன். அடுத்த வளைவில் புரோக்கரை. பிறகு ரோடு போட்டவர்களை, கம்பளி கொடுத்தவரை, ஏரிக் கெண்டையை, என் தோளில் தூங்கியவரை. கீழே கரும்புத் தோட்டங்கள் தெரிய ஆரம்பித்தபோது திட்டுவதற்கு ஆள் தீர்ந்துவிட்டது. யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒருவன் பாக்கி இருந்தான்.

அருள் வந்ததிலிருந்து ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. சந்தனம் ஒட்டிய நகத்தை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கத்தாரும் இல்லை, இப்போது கடலூரும் இல்லை. காற்றில் என் குரல் அவனுக்குக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் நகர்ந்து கேட்டேன்.

"மாப்ளே, என் மேல உனக்குக் கோவமே இல்லையா?"

"இருக்கு" என்றான்.